எருமைத்தோல் வாரும் நாற்பத்திரண்டு பல்லும்

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்காம் திகதி, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று விடியும்போதே எழும்பிவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. வாவிப்பக்கமிருந்து பறந்து வந்த மணல் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கார நோனா முன்விறாந்தையில் குனிந்து, தன் கதிரையின் வலது முன்காலை விரலால் தடவிப் பார்த்தார்.

புளியந்தீவில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்த வீடு அது. நோனா ஐரோப்பியர் வழிவந்த பறங்கிப் பெண்மணி. கொல்லுப்பட்டறை வைத்திருந்த கணவர் இறந்த பிறகு, பின்பக்கத்து இரண்டு அறைகளில் தான் இருந்துகொண்டு முன்பக்கத்தை எங்களுக்கு விட்டிருந்தார். முன்பக்கத்தோடு நாலு கதிரைகளும் எங்கள் பொறுப்பில் வந்தன. அவருடைய தாயாருக்குச் சீதனமாகக் கிடைத்தவை அவை. எங்கள் நாய்க்குட்டிக்கு அப்போது நாலு மாதம்.

"கிளாக்கர், இது என்ட அம்மாட கதிரை."

"தெரியும் நோனா. பதினேழு பல்லடையாளம்."

"எண்ணியும் வெச்சிருக்கிறீங்களா? நல்லம். ஆகஸ்ட் முடியிறதுக்குள்ள பதினெட்டாவது வந்தா நாய் போகணும். இல்லாட்டி நீங்க போகணும்."

அவர் போனதும் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். நாய் அவளுடைய காலடியில் படுத்திருந்தது.

"இஞ்ச பாருங்க, இது போனா இந்த வீட்டில எனக்குக் கதைக்க ஆரு இரிக்கா? நீங்க காலம எட்டு மணிக்குப் போனா அஞ்சு மணிக்கு வாறீங்க. வந்தாலும் எண்ணிக்கொண்டுதான் இரிக்கிறீங்க."

கலியாணம் முடித்து ஆறு வருடம், பிள்ளை இல்லை. அந்த நாய் வந்த இரண்டு மாதத்தில் அவள் அதனோடு பேசியது ஆறு வருடத்தில் என்னோடு பேசியதைவிடக் கூட இருக்கும். அதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

குட்டிக்குப் பல் மாறுகிறது, அதனால் கடிக்கிறது என்பது விளங்கியது. ஜூன் தொடக்கத்தில் மனைவி வாயைப் பிளந்து பிடிக்க எண்ணியபோது இருபத்தெட்டுப் பால்பல். இப்போது முன்னால் இரண்டைக் காணவில்லை. கடிக்காதே என்று அதற்குச் சொல்ல முடியாது. கதிரையை விட்டுவிட்டு வேறொன்றைக் கடி என்றுதான் சொல்லலாம். அந்த வேறொன்று எது? நாய் கடிப்பதற்கென்று கடையில் சாமான் விற்ற காலமல்ல அது. மரம், நார், எலும்பு, தோல் எல்லாம் கண்முன்னே கிடந்தன. எது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் தெரியவில்லை. நான் கிளாக்கராக இருந்த கந்தோரில் கோவைக் கட்டுகளைப் பார்க்கும்போதும் அதே யோசனையாக இருந்தேன்.

முதலில் தேங்காய்மட்டை. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தும்பு வீடு முழுக்கப் பறந்து நோனாவின் அறைவரைக்கும் போனது. பனங்கொட்டை மூன்று நாள் தாங்கியது. ஆனால் நார் தீர்ந்த பிறகு அது வழுவழுப்பாகி, முழுதாகவே விழுங்கிவிடுமோ என்ற பயத்தில் மூன்றாம் இரவு நான் தூங்கவில்லை. மாட்டெலும்பு இரண்டு நாள். எறும்பு வந்தது, மனைவி மூக்கைப் பொத்தினாள். சைக்கிள் டயர்த் துண்டை நானே பறித்து எறிந்தேன். அடுத்த நாள் காலையில் அது வெளியே போன விதத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

ஜூலை இருபத்திரண்டாம் திகதி சந்தையில், உழவுக்காரர் வாங்கும் சாமான்களுக்கிடையில், எருமைத்தோல் வாரைக் கண்டேன். இருண்டு, விறைத்து, தட்டினால் பலகைபோலச் சத்தம் கேட்டது. ஒரு துண்டு வாங்கி வந்து நடுவில் முடிச்சுப் போட்டு வைத்தேன். நாய் மணந்து பார்த்தது. பிறகு இரண்டு முன்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சப்பத் தொடங்கியது. அன்றிலிருந்து கதிரைப் பக்கம் அது திரும்பியும் பார்க்கவில்லை.

அடிக்கோலால் தினமும் அளந்தேன். ஒன்பது அங்குலத்தில் முப்பத்தொரு நாளில் தேய்ந்தது ஒன்றேமுக்கால் அங்குலம். அந்தக் கணக்கில் மிச்சம் இன்னும் நூற்றிருபத்தெட்டு நாள் வரும். நோனா சனிக்கிழமைதோறும் வந்து கதிரைக் காலைத் தடவினார். பதினேழு பதினேழாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. கந்தோரில் இரண்டு பேருக்கு அதே வாரைச் சிபாரிசும் செய்தேன்.

ஆகஸ்ட் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மாதந்தோறும் ஏறாவூரிலிருந்து எங்களுக்கு விறகு கொண்டுவரும் முஸ்லிம் வண்டிற்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், வண்டிலை வாசலில் நிறுத்தி, மாடுகளை அவிழ்த்து வேம்பின் கீழ் கட்டிவிட்டு, மதிய லுகர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து மாடுகளை நுகத்தில் பூட்டி, மற்ற வீடுகளுக்குரிய விறகின்மேல் ஏறி உட்கார்ந்து, "ஹை!" என்றார்.

மாடுகள் போயின. நுகமும் அவற்றின் கழுத்தோடு போனது. வண்டில் போகவில்லை. அதன் முன்னால் நீண்டிருந்த ஏர்க்கால் தொப்பென்று மணலில் குத்த, காக்காவும் நாலு விறகுக்கட்டையும் வழுக்கிக்கொண்டு கீழே வந்தார்கள்.

"என்ன ஐயா இது! மாடு போகுது, வண்டில் நிக்குது!"

நுகத்தை ஏர்க்காலோடு கட்டியிருந்த வார் கடித்து அறுக்கப்பட்டிருந்தது. அறுந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் நாய் வேலியோரம் படுத்திருந்தது. எருமைத்தோல். நான் வாங்கிக் கொடுத்த அதே சாமான், அதே கறுப்பு, அதே மணம். இந்த ஊரில் வண்டில் நுகத்தோடு எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. முப்பத்தொரு நாள் அடிக்கோலோடு இருந்தவனுக்கு அது ஒருதரம்கூடத் தோன்றவில்லை.

காக்கா மாடுகளைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தார். கோபத்தைவிட அவருக்கு இன்னொரு கவலை.

"நாய் வாய் வெச்ச ஈரம் நுகத்திலயும் ஏர்க்காலிலயும் இரிக்கி. இத நான் இப்பிடியே தொட ஏலா. எங்கட மார்க்கத்தில கழுவணும், ஏழு தரம். ஒருக்கா மண்ணும் தண்ணியும்."

"எத்தனையாவது தரம் மண், காக்கா?"

"முதல் தரம் போட்டா நல்லம். ஐயா கேக்கிறதப் பாத்தா எழுதி வெச்சிடுவீங்க போல."

நான்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்தேன், சத்தமாக எண்ணினேன். ஒன்று, மண்ணோடு. இரண்டு. மூன்று. அந்நேரம் நாய் வந்து நனைந்த ஏர்க்காலை நீளமாக ஒரு நக்கு நக்கியது.

"இப்ப நாலா, ஒண்டா?" என்று கேட்டேன்.

"ஒண்டு, ஐயா, ஒண்டு! மறுகா மண்ணும் எடுங்க!"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடி வந்து நாயைத் தூக்கிப் போனாள். ஆக மொத்தம் பத்து வாளி. அந்த நாய் தினமும் என் கையை நக்குவதை நினைத்துப் பார்த்தேன். காக்காவுடைய கணக்கு எனக்கும் இருந்தால் எங்கள் கிணறு வற்றியிருக்கும்.

இவ்வளவையும் நோனா விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்.

"நோனா, இது கதிரை இல்ல," என்றேன்.

"எனக்குக் கண் தெரியும், கிளாக்கர். கதிரைய விட்டுட்டு வண்டிலத் தின்னுது. நாளைக்கு வேற ஆர்ட வண்டில்?"

நாய்க்கு வார் பழக்கிய கதையை என்னிடம் கேட்டறிந்த காக்கா கையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஐயா நல்ல சாமான்தான் பாத்து எடுத்திருக்கிறீங்க. ஆனா ஊரெல்லாம் இரிக்கிற சாமானக் குடுத்துப் பழக்கினா, ஊரெல்லாம் அதுட சாமான் எண்டுதானே அது நினைக்கும்? வேற எங்கயும் இல்லாத ஒண்டக் குடுங்க."

எனக்கு அது உறைத்தது. எது நெடுநாள் தாங்கும் என்று மட்டும் பார்த்தேன். அதைப்போல வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மரம் என்றால் கதிரை, தோல் என்றால் செருப்பு, வண்டில். நார் என்றால் பாய்.

நோனா எழுந்து உள்ளே போனார். போன வேகத்தைப் பார்த்து, வாடகைச் சீட்டை எடுத்துவரப் போகிறார் என்றே நினைத்தேன். கணவரின் பட்டறைப் பெட்டியோடு வந்தார். கத்திப்பிடி போட வைத்திருந்த மரைமான் கொம்புத் துண்டுகள் அதில் ஐந்து இருந்தன. கையளவு நீளமான ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போடுங்க, பல்லு உடையாம. இதப்போல இந்த வீட்டில வேற ஒண்டும் இல்ல. ஆகஸ்ட் முடியட்டும், பாப்பம்."

ஒன்று இருந்தது. எங்கள் குசினிக் கத்தியின் பிடியும் மரைக்கொம்பு. அன்றே அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த ஐந்து வாரமும் மீன் வெட்டுவதற்கு மனைவி என்னிடம் திறப்புக் கேட்கவேண்டியிருந்தது.

வாரை எரித்தோம். நாய் இரண்டு நாள் அதைத் தேடியது, மூன்றாம் நாள் கொம்பை எடுத்தது. பல் உடைந்துவிடுமோ என்று ஒவ்வொரு மாலையும் வாயைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் முடிந்த அன்று நோனா கதிரைக் காலைத் தடவினார், பதினேழுதான் என்று கண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

செப்டெம்பர் இருபத்தாறு, ஞாயிறு காலை எண்ணியபோது நாற்பத்திரண்டு பல், முழுவதும். அந்தக் கிழமையோடு நாய் கொம்பையும் விட்டுவிட்டது. கதிரையைக் காப்பாற்றியது கொம்பா, அல்லது பல் முளைத்து முடிந்ததா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இன்னொரு குட்டி வளர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மனைவி சம்மதிக்கவில்லை. நாய் அவளோடு பதினொரு வருடம் இருந்தது.

காக்காவுக்குப் புது வார், அவருக்குத் தேநீரும் வாழைப்பழமும், சந்தையில் வாங்கிய பழைய வார், எலும்பு, கதிரைக் காலுக்குத் தச்சனின் கூலி. எல்லாமாக எனக்கு முடிந்தது மூன்று ரூபாய் முப்பத்தேழு சதம்.