வாசலைப் பார்த்த கிளி

சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்கும்போதே சோலையப்பன் நோட்டில் எழுதி முடித்துவிடுவார். அளவு நாடா கழுத்தில் தொங்கும். அது கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை, அவ்வளவுதான் அளவு. குன்றாண்டார்கோவிலில் பாதிப் பேர் அவர் தைத்த சட்டைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினார்கள். பித்தான் போட முடியவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், "சட்டை சரியாத்தாங்க இருக்கு. நீங்கதான் அதுக்குள்ள ஒடம்பு வச்சுட்டீங்க" என்பார். வந்தவர் வயிற்றைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. எதைச் சொன்னாலும் "அதெல்லாம் பாத்தாச்சுங்க" என்பதுதான் பதில். பம்பாய் என்றால் பார்த்தாச்சு. ஜிப் வைத்த கால்சட்டை என்றால் பார்த்தாச்சு. காய்ச்சலில் கிடந்தபோது டாக்டருக்கே ஊசி பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தவர்.

அப்படிப்பட்டவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழு பேரோடு உட்கார்ந்து தையல் படிக்கப் போனார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் இருளாண்டி என்றொருவன் கடை போட்டு, ஆளை இரண்டு தரம் அளந்து தைக்க ஆரம்பித்திருந்தான். சோலையப்பன் கடையில் ஈ ஓட்டவேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் வட்டாரத்துக்கே பொதுவான ப்ளாக் ஆபீசில் தையல் ஆசிரியர் வேலை ஒன்று வந்தது. மாதர் சங்கத்துத் தையல் வகுப்பின் முடிவில் நடக்கும் கண்காட்சியில் யார் தைத்தது அதிகாரிக்குப் பிடிக்கிறதோ அவருக்கே வேலை என்றார்கள். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் ஊரே அவரை 'சார்' என்று கூப்பிடும். நாற்பத்தைந்து வயதுவரை 'டெய்லரு' என்றே கேட்டுக் காய்த்துப்போன காது அது. அந்த ஒரு சொல்லின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்பதை மனைவி காத்தாயியிடம்கூட அவர் சொன்னதில்லை.

சொல்லிக்கொடுத்தவள் கிராமசேவிகா பிரகதாம்பாள். இருபத்து மூன்று வயது. காகிதத்தோடு துணியைச் சேர்த்துத் தைக்கும் வித்தையைப் பயிற்சிக்குப் போன இடத்தில் கற்று வந்திருந்தாள். ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஆளுக்கு ஒரு ப்ளாக் தைக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்ததும் சோலையப்பன் கையை உயர்த்தினார். "ப்ளாக் முழுக்கன்னா நாளாகுங்க டீச்சரம்மா. ஆபீசு ஜன்னலுக்குத் தெரை மட்டும்னா ஒரே நாள்ல முடிச்சிருவேன்." போர்வையில் ஒரு சதுரத்துக்கும் ப்ளாக் என்றுதான் பெயர் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அதையும் பார்த்தாச்சு என்றார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். அதில் நேர்கோடுகளாலேயே ஒரு கிளி. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். துணியைத் தாளின் பின்பக்கம் வைத்து, முன்பக்கம் தெரியும் கோட்டின் மேலேயே தைக்க வேண்டும். தைத்த துண்டை மடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து காகிதத்தைக் கிழித்து எடுத்தால் துணியில் கிளி நிற்கும். ஒரே சங்கடம், துணி பின்பக்கம் இருப்பதால் கிளி இடவலம் மாறிவிடும். "அதனால நானே மாத்தி வரஞ்சிருக்கேன். நீங்க அப்படியே தச்சாப் போதும்" என்றாள் பிரகதாம்பாள். அந்த ஏழு பேரில், கடலைக்காட்டில் களை எடுக்கும் உண்ணாமலை இதை மூன்று தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சோலையப்பன் அந்நேரம், காகிதத்தில் ஓட்டினால் ஊசி மழுங்கும் என்று பக்கத்திலிருந்தவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தபோதுதான் இடவலம் மாறுமே என்று அவருக்குப் பொறி தட்டியது. இருபத்தைந்து வருஷம் துணியை உள்பக்கம் புரட்டித் தைத்தவருக்கு இதுகூடவா தெரியாது. "இந்தப் புள்ள இத யோசிக்கவே இல்ல பாரு" என்று காத்தாயியிடம் சொல்லிச் சிரித்தார். தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, கிளியை மறுபக்கம் பார்க்கும்படி வேறு தாளில் வரைந்துகொண்டார். அன்று அவர் போட்ட தையலை யாராலும் குறை சொல்ல முடியாது. ஒரு கோணல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அவர் வாழ்நாளில் ஒரு கோட்டுக்குக் கட்டுப்பட்டுத் தைத்தது அன்றைக்குத்தான்.

கண்காட்சி அன்று காலை எட்டுச் சதுரங்களும் ஒரே கூடையில் வந்து சேர்ந்தன. பெயர்களைக் காகிதத்தில்தான் எழுதியிருந்தார்கள். காகிதத்தைக் கிழித்ததோடு பெயர்களும் போய்விட்டன. போர்வையின் ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. எட்டுக் கிளிகளும் அதைப் பார்த்தபடி வரிசையாக நிற்க வேண்டும். பிரகதாம்பாள் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டிக்கொண்டே வந்தாள். கடைசிக் கிளி விளக்குக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. மாற்ற வேறு கிளி இல்லை. ஜீப் சத்தமும் கேட்டுவிட்டது. போர்வையை அப்படியே வாசலை ஒட்டிய சுவரில் தொங்கவிட்டு, இது யாருடையது என்று கேட்டாள்.

சோலையப்பன் அந்தச் சதுரத்தை உற்றுப் பார்த்தார். தன் தையல் தனக்குத் தெரியாதா. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த 'சார்' கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. "உண்ணாமலையோடதுதாங்க. அன்னிக்கே பாத்தேன், காகிதத்தத் திருப்பிப் பிடிச்சிருந்துச்சு" என்றார். உண்ணாமலை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

திருச்சியிலிருந்து வந்த அதிகாரி போர்வையின் முன் வெகுநேரம் நின்றார். அவருக்குத் தையல் தெரியாது, பேசத் தெரியும். ஏழு கிளிகள் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிளி மட்டும் துணிந்து வாசலைப் பார்க்கிறது, கிராமம் வெளியுலகைக் காணப் புறப்பட்டுவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்றார். கூட வந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். தையல் ஆசிரியர் வேலைக்கு இப்படிப்பட்ட கற்பனை உள்ளவர்தான் வேண்டும் என்று சொல்லி, தைத்தது யார் என்று கேட்டார்.

சோலையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அதற்குள் உண்ணாமலை எழுந்துவிட்டாள்.

"நாந்தாங்க. காலையில டெய்லரண்ணே எல்லாருக்கும் முன்னால அப்புடித்தான் சொன்னாக."

அதிகாரி அவர் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். சோலையப்பனின் வலது கை மார்பை நோக்கிப் பாதி உயர்ந்தது. ஏழு பெண்களும் பிரகதாம்பாளும் அந்தக் கையையே பார்த்தார்கள். அது சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இடது கையும் மெல்ல வந்து சேர, கூட்டத்தில் முதல் ஆளாகச் சோலையப்பன் கைதட்டினார்.