சத்தம் இருந்தாதான் டில்லி படிப்பான்

நம்ம தொழில் சிம்பிள்: படிக்கிற பசங்க பக்கத்துல சும்மா உக்காரணும். ஏ.டி.ஹெச்.டி இருக்கற காலேஜ் பசங்களுக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா கொஞ்சம் நிக்கும். அந்த ஆள் நான். இப்பவும் அடையாறுல ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்துதான் இத டைப் பண்றேன். (அவ ஜன்னல் வழியா பூனைய பார்க்கறா. ஒரு நிமிஷம்.)

ஆங், வந்துட்டேன். நீங்களும் இதே லைன்னா, டில்லி மாதிரி ஒருத்தன் உங்களுக்கும் மாட்டியிருப்பான்.

அமைதியான இடம்

டில்லி பட்டினப்பாக்கம் பையன், மெக்கானிக்கல். தெர்மோடைனமிக்ஸ் மட்டும் அரியர். இந்த வாட்டி க்ளியர் பண்ணா கையில வேலை, இல்லன்னா ஆஃபர் காலி. நான் பெரிய புத்திசாலியாட்டம் மயிலாப்பூர்ல ஒரு லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊசி விழுந்தா கேக்கும், அவ்ளோ அமைதி. பையன் புக்கைத் திறக்கல. ஆடுற டேபிளுக்கு அட்டை மடிச்சு வெச்சான். அப்புறம் ஒரு அலமாரி முழுக்க புக்கை சைஸ் வாரியா அடுக்கிட்டான். லைப்ரரியன் மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க: "இவரு படிக்க வந்தாரா, வேலைக்குச் சேர்ந்தாரா?"

வஞ்சரம் அரை கிலோ

கடைசியில அவங்கம்மாவோட மீன் கடையில உக்காந்தோம். பேரம், திட்டு, கத்தியால மீன் வெட்டுற சத்தம். நம்பவே மாட்டீங்க, பையன் நிமிராம படிக்கிறான்! நான் சும்மா உக்காந்திருக்கறத அவங்கம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இன்னாமா, இதான் உன் வேலையா? இவன பெத்ததுலேந்து நானும் பக்கத்துலதான் உக்காந்துகினு கீறேன், எனக்கு எவன் சம்பளம் குட்த்தான்?"

படிச்சத யாருக்காவது சொன்னாதான் அவனுக்கு மண்டையில நிக்கும். தி.நகர்லேந்து மீன் வாங்க வந்த ஒரு அங்கிள் சிக்கினாரு. ஐஸ் ஏன் உருகுது, என்ட்ரோபி ஏன் ஏறுதுன்னு டில்லி முழுசா ஒப்பிச்சான். அவரு பையை நீட்டினாரு: "வஞ்சரம் மட்டும் போடுப்பா, என்ட்ரோபி எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க."

ஹால்

இப்பதான் எனக்கு உறைச்சுது. எக்ஸாம் ஹால்ல மீன் கடை கிடையாதே! வீட்ல கதவ சாத்தி டெஸ்ட் வெச்சா, வெறும் பேப்பர்தான் குடுத்தான். எக்ஸாம் அன்னிக்கு கேட்டுக்கு வெளிய நகத்தைக் கடிச்சிட்டு நின்னேன்.

சிரிச்சிக்கினே வந்தான். "அக்கா, தலைக்கு மேல ஒரு ஃபேன்க்கா, கடகடகடன்னு! நான் பாட்டுக்கு எழுதினுகீறேன், மத்த பசங்க கம்ப்ளைன்ட் பண்ணிட்டானுங்க. ஃபேன நிறுத்த சார் சுவிட்ச்ல கை வெச்சாரு. எழுந்து கையெடுத்துக் கும்புட்டுட்டேன்க்கா."

"சார் இன்னாடா சொன்னாரு?"

"'பிட்டுக்குக் கெஞ்சுறவன பார்த்திருக்கேன், ஃபேனுக்குக் கெஞ்சுறவன இன்னிக்குத்தான்டா பார்க்கறேன், எழுதித் தொலை!'"

டில்லி பாஸ், வேலையும் கன்ஃபர்ம். ஆனா 'தேங்க்ஸ்'னு அவன் வெச்ச ஸ்டேட்டஸ்ல இருக்கறது என் போட்டோ இல்ல, அந்த ஃபேன் போட்டோ.