மாப்பிள்ளைக்குச் சிவப்பா, பச்சையா?

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஃபேக்டரி ஒன்றில் நான் சூப்பர்வைசர். பெல்ட்டில் பழம் ஓடும்போதே எது அழுகல், எது காய், எது கூழுக்கு ஆகும் என்று பார்த்துத் தள்ளுகிற வேலையில் ஆரம்பித்து, இப்போது அப்படித் தள்ளுகிறவர்களை மேய்க்கிற வேலைக்கு வந்திருக்கிறேன். எதையும் பார்த்த மாத்திரத்தில் முடிவு சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை ஒரு கம்ப்யூட்டர் சாமான் வந்து கரைத்துவிட்டது.

மகளுக்கு அந்த வருஷம் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருச்சானூர். எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் ஒரு படி வசதியானவர்கள். மாப்பிள்ளை, வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு பார்த்துக் கொடுக்கிறார். தலை தீபாவளிக்கு அழைத்து அவருக்கு ஒரு மோதிரம் போடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம். அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அவருக்கு மோதிரம் வோணாமாம். கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் குடுத்தா போதும்னு சொல்றாரு. நைனா கிட்ட நீயே சொல்லிடு."

கார்டு என்றதும் ரேஷன் கார்டு அளவில் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். இல்லையாம். செங்கல் பருமனில், விசிறியெல்லாம் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே மாட்டுகிற சாமானாம். கம்ப்யூட்டரில் விளையாடும்போது படம் விட்டு விட்டு ஓடாமல் வழுவழுவென்று ஓடுவதற்கு அதுதான் காரணமாம். விலையைக் கேட்டேன். மோதிரமே தேவலை என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் பங்காருபாளையம் பக்கம் தோப்பு குத்தகை எடுத்திருக்கிறவர். ஊர் வழக்கத்தை விட்டு ஒரு அங்குலம் நகரமாட்டார். "மாப்ளைக்கு யாராவது வெளயாட்டு சாமான் வாங்கிக் குடுப்பாங்களா? அவரு இன்னா எட்டு வயசு புள்ளையா?" என்று கேட்டுவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எந்த கார்டு என்று மகளிடம் கேட்டேன். இதில் இரண்டு பெரிய கம்பெனி போட்டி போடுகிறதாம். பேரெல்லாம் எனக்கு வாயில் நுழையவில்லை. ஒன்றுக்குச் சிவப்பு நிறம், ஒன்றுக்குப் பச்சை. விளையாடுகிறவர்களும் சிவப்புக் கட்சி, பச்சைக் கட்சி என்றுதான் பேசிக்கொள்வார்களாம். "அவரக் கேட்டுச் சொல்றன்" என்று வைத்தாள். மறுநாள் சிவப்பு என்றாள். நாலு நாள் கழித்து, வேண்டாம், பச்சையே வாங்கிவிடு என்றாள். அடுத்த வாரம் மறுபடியும் சிவப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் வூட்டுக்காரருக்கு ஒரே நாக்குதானே இருக்குது?" என்று கேட்டேன். அவள் சட்டென்று வேறு பேச்சுக்கு மாறிவிட்டாள்.

அந்த மழுப்பல் எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது. கேட்கிறவர் தன் வாயால் கேட்காமல் என் பெண்ணை விட்டுக் கேட்கச் சொல்கிறார். இன்றைக்கு கார்டு, நாளைக்கு வண்டி, அப்புறம் வீடு என்று போகுமோ? தராவிட்டால் அவளை ஏதாவது சொல்வாரோ? மாப்பிள்ளை நல்ல மாதிரி என்று நம்பித்தான் கொடுத்தோம். அந்த நம்பிக்கையில் முதல் முறையாக ஒரு சின்ன விரிசல் விழுந்தது. சிவப்பா பச்சையா என்ற குழப்பத்துக்கு அடியில் எனக்கு இருந்த நிஜமான பயம் இதுதான்.

ஃபேக்டரி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற இரண்டு பேரிடம் விசாரித்தேன். அது இன்னொரு தப்பு. ஒருவர், பச்சையில்தான் தண்ணீர்மேல் வெயில் பட்டால் நிஜமாகப் பட்ட மாதிரியே தெரியும் என்றார். இன்னொருவர், கொடுக்கிற விலைக்குச் சிவப்பில்தான் மெமரி அதிகம், நாலு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். முதலில் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏற ஏறத் தெலுங்குக்கு மாறி, டீ ஆறுகிற வரை சண்டை போட்டார்கள். கடைசியில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "க்ரீனே தீஸ்கோண்டக்கா, பச்சையையே வாங்கிடுங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்றார். மற்றவர் அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேரில் போய் மாப்பிள்ளையையே கடைக்கு அழைத்துப் போய்விடலாம் என்று ஒரு லீவு நாளில் பஸ் ஏறினேன். திருப்பதியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போனபோது வெயில் ஏறிவிட்டது. சம்பந்தி அம்மாள் மோர் கொடுத்து உட்கார வைத்தார். நல்ல மனுஷி, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவனுக்கு எந்நேரமும் அந்த டப்பாதான் சம்மந்தி. வேல முடிஞ்சாலும் கதவ சாத்திக்கினு லொட்டு லொட்டுன்னு தட்டிக்கினு இருக்கறான். உங்க பொண்ணு பாவம், கூடவே குந்திக்கினு இருக்குது. நீங்க வேற புதுசா வாங்கிக் குடுத்து அவன இன்னும் கெடுக்காதீங்க."

பக்கத்திலேயே நின்ற மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மகள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெற்றவளே இப்படிச் சொல்கிறாள், நான் என் கையால் இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடவா வந்திருக்கிறேன்? வாங்காமல் திரும்பிப் போனாலோ, தலை தீபாவளியன்று மாப்பிள்ளை முகம் சுருங்கும். அதற்கும் என் பெண்தான் பதில் சொல்ல வேண்டும். சரி, ஆனது ஆகட்டும் என்று கிளம்பினேன். மகளும் கடைக்கு வருவதற்காகச் செருப்பை மாட்டினாள். "கம்ப்யூட்டர் கடையில உனக்கு இன்னாம்மா வேல?" என்று சம்பந்தி அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மாப்பிள்ளையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் தெலுங்கில் ஆரம்பித்து, எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்தார். மேஜைமேல் ஒரு சிவப்புப் பெட்டியையும் ஒரு பச்சைப் பெட்டியையும் வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "என்ன கேம் சார் ஆடறீங்க?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை விழித்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து ஒரு பேரைச் சொன்னார். அடுத்து, மானிட்டர் எத்தனை இன்ச் என்று கேட்டார் கடைக்காரர். மறுபடியும் ஒரு நிமிஷம், மறுபடியும் வெளியே. மூன்றாவதாக, பெட்டியில் இருக்கிற பவர் சப்ளை எத்தனை வாட் என்று கேட்டபோது கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எந்நேரமும் அதிலேயே கிடக்கிறவருக்குத் தன் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று, மறுபடியும் வெளியே போன அவர் பின்னாலேயே நானும் போனேன்.

மாப்பிள்ளை ஒரு ஸ்கூட்டர்மேல் சாய்ந்துகொண்டு, தெருச் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார். "வாட்டாம்மா, வாட்டு. பெட்டிய தொறந்து பாரு. ஏய், எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? ஆடறது நீ."

என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. யாருக்குத்தான் இந்த கார்டு என்று கேட்டேன். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்.

"அவளுக்குத்தான் அத்தை. காலேஜ் சிநேகிதிங்க நாலு பேரு நெட்ல ஒண்ணா சேந்து ஆடுவாங்க. இப்ப அவங்க வேற கேமுக்கு மாறிட்டாங்க, நம்ம கம்ப்யூட்டர்ல அது ஓடல. ஒரு மாசமா இவ தனியா பழசையே தட்டிக்கினு இருக்கறா. வீட்ல நான்தான் ஆடறேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும். என்னைத் திட்டினா எனக்கு ஒண்ணும் ஆவாது, அவள ஒரு வார்த்த சொன்னா அவ ரெண்டு நாள் துன்ன மாட்டா."

இத்தனை நாளாக எந்த மனுஷனைப் பற்றி என்னென்னவோ நினைத்தேனோ, அவர் எதிரே வேர்த்துப் போய் நிற்கிறார். போனை வாங்கி மகளிடம், "எது வோணும், நீயே சொல்லு" என்றேன். "சிவப்பே போதும்மா" என்றாள். போதும் என்ற அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பச்சைக்கு விலை கொஞ்சம் கூட. எனக்குப் பாரம் வேண்டாம் என்றுதான் ஆசையை அடக்கிக்கொண்டு சொல்கிறாள், அதனால்தான் அப்படி மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெற்ற மனசுக்குத் தெரியாதா? கடைக்குள் போய்ப் பச்சையைக் கட்டச் சொன்னேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

தீபாவளியன்று எங்கள் வீட்டில், வெற்றிலை பாக்கு, வேட்டி சட்டையோடு தட்டில் அந்தப் பெட்டியையும் வைத்து, என் பிடிவாதத்துக்கு இறங்கிவந்த என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அவரும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். அப்புறம் சமையற்கட்டில் மகள் என்னிடம் வந்து மெதுவாக, "ஏம்மா பச்சைய வாங்கின? நான் மெய்யாலுமே சிவப்புதாம்மா கேட்டன். வீடியோல ஒருத்தன் இத சொல்றான், இன்னொருத்தன் அத சொல்றான். பாத்துப் பாத்து நானே கொழம்பி, கடைசியா சிவப்புன்னு முடிவு பண்ணினன்" என்றாள். தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளும் என்னைப் போலக் குழம்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பண்டிகை முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய்ப் பிரிக்காத பெட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். "கடைக்காரரு என் பக்கம் திரும்பவே இல்ல அத்தை, எல்லாத்தையும் இவகிட்டயே கேட்டாரு" என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

கார்த்திகை மாதம் திருச்சானூர் போயிருந்தபோது, முதல் முறையாக என் மகள் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யார் யாரையோ அதட்டி, சிரித்து, கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனில் பேப்பர் படித்தார். கூடத்திலிருந்து சம்பந்தி அம்மாள் குரல் வந்தது: "டேய், சம்மந்தி வந்திருக்கறப்ப கூடவா அத நோண்டிக்கினு இருப்ப?" மாப்பிள்ளை படுத்தபடியே, "தோ, முடிச்சிட்டன்மா" என்றார். மகளின் விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

இப்படி ஒருவர் அவளுக்குக் கிடைத்தாரே என்று நிம்மதிப்படுவதா, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்தவர் பேரில் அவள் விளையாட வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சம்பந்தி அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் நினைக்கிறேன், சொல்லாமல் வந்துவிடுகிறேன். ஆனால் என் மகள் தனக்கென்று கேட்டிருந்தால் நான் திருப்பதி வரை பஸ் ஏறியிருக்கமாட்டேன் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அது எனக்கு முன்னாலேயே அவளுக்கும் தெரிந்திருக்கிறது, என் மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.