நிலவுக்குக் கீழே ஒரு வரி

தினமும் காலையில் 'வரலாற்றில் இன்று' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது எங்கள் பள்ளியில் என் வேலை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; அப்படித் திண்ணனூர் நாட்டில் பிறந்து, அங்கேயே டீச்சராக இருக்கிறேன். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை இருபதாம் தேதி, மனிதன் நிலவில் இறங்கியதை எழுதிக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. சாக்பீஸைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினேன். எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது, இன்று வரைக்கும். கம்பில் தூளி கட்டி அவளைச் சோளக்காடு என்ற ஊரின் பஸ் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியில் பெண் குழந்தை பிறந்தது. ரோடு கண்ணில் படுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

மாமாவுக்குத் தேதி கணக்கெல்லாம் கிடையாது. சாமைக்குக் களை எடுத்த வாரம் என்பார், அவ்வளவுதான். பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் அவர் அதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, அவர் போய் நின்ற நாளையே பிறப்புக்கும் இறப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருடம் அதே தேதியில், நிலவைப் பற்றி எழுதிய கையோடு கீழே இன்னொரு வரியும் எழுதினேன். 'இதே நாளில், ரோடு இல்லாத நம் ஊரில், தூளியில் போன ஒரு பெண் வழியிலேயே மகளைப் பெற்று இறந்தாள்.'

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் மேலதிகாரி வருகிறார் என்றால் சோறு இறங்காது. அன்று ஒருவர் வருவதாக இருந்தது.

"இதை அழிச்சிடுங்க டீச்சர். இதெல்லாம் வரலாறா?"

"செத்தது எங்கக்காங்க சார்."

"சர்டிபிகேட்டுல வேற தேதி இருக்குதே."

"சர்டிபிகேட்டா தூளியத் தூக்குச்சு? நான் தூக்குனேனுங்க."

டஸ்டரை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "அழிக்கறதுன்னா நிலாவையும் சேர்த்து நீங்களே அழிங்க. ரெண்டும் ஒரே நாளுதானுங்க."

அவர் கீழ் வரியை மட்டும் அழித்தார்.

முன் வரிசையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதி முடித்திருந்தார்கள். அக்கா மகளின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் நிலவை விட்டுவிட்டு, கீழ் வரியை மட்டும் எழுதியிருந்தாள்.

மதியம் அதிகாரி வந்து, பிள்ளைகளின் நோட்டைக் காட்டச் சொன்னார். முதலில் அவளுடையதை நீட்டினேன்.