இடப்பக்கத்துப் பின் சக்கரம்

என் மாமாவுக்குக் காது மந்தம், கண்ணும் அவ்வளவு தெளிவில்லை என்று பல வருடங்கள் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளித் தோழிகளிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன். அந்த முடிவுக்கு நான் சும்மா வந்துவிடவில்லை. சோளிங்கர் போன பயணத்தில் நேரிலேயே பார்த்து எடுத்த முடிவு அது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். வெளிநாட்டுக்காரர்கள் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி எல்லாம் பொருத்திவிட்டார். மெத்தைகளுக்குக் கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டுத் தோல்களை ஒட்டுப்போட்டு உறை தைத்திருந்தார். உள்ளே நுழைந்தால் புது ஷூ டப்பாவுக்குள் தலையை விட்டதுபோல வாசனை வரும். தெருவில் அதற்கு வூட்டு வண்டி என்று பெயர் வந்துவிட்டது. அத்தை மட்டும் அதைக் காயலான் கடை என்பாள்.

அம்மா வேறொரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கம்பெனி பஸ்ஸின் பின் டயர் வெடித்து, பஸ் நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்தது. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. பஸ், ஆட்டோ, அப்பாவின் பைக் என்று எதிலும் ஏறமாட்டாள். ரேஷன் அரிசியைக்கூடத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துதான் வருவாள். கம்பெனியோ நடந்து போகிற தொலைவில் இல்லை. மாதக் கடைசிக்குள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்பாவின் சம்பளத்தில் மட்டும் வீடு ஓடாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மாமா வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். அம்மாவைக் கூப்பிட்டு, உள்ளே வந்து ஒரு டீ போட்டுக் கொடு என்றார். அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை.

"இது வண்டி இல்லக்கா, வூடு. வூட்டுக்குள்ள வர்றதுக்கு இன்னா பயம்?"

நின்றுகொண்டிருந்த வண்டியில் தினமும் டீ போட்டுப் போட்டு அம்மாவுக்கு அது பழகிவிட்டது. பிழைத்து வந்ததற்குச் சோளிங்கர் மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லியே மாமா அவளைக் கிளப்பிவிட்டார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா, அத்தை, அம்மா, நான் என்று நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். அம்மா பின்பக்கக் கட்டிலில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. என் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது. கம்பெனியில் மெஷின்களின் சூடு பார்க்க மாமா வைத்திருந்தது. விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று போய் விழும், விழுந்த இடத்தின் சூடு எண்ணாகத் தெரியும். வழியில் டயர்களின் சூடு பார்க்க வேண்டும் என்று மாமா அதைக் கொண்டுவந்திருந்தார். "நீதான் டாக்டரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிகொண்டா தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் இறங்கி டயர் டயராகச் சுட்டேன். எல்லாம் நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கத்துப் பின் சக்கரம் மட்டும் அறுபத்தாறு காட்டியது.

"மாமா, இது மட்டும் அறுவத்தி ஆறு!" என்று பெருமையோடு கத்தினேன்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "நான் ஏறுனாலே டயரு வெடிக்கும். எனக்குத் தெரியும். நீங்க போய்ட்டு வாங்க, நான் நடந்தே வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே ஆம்பூர் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். அத்தை ஓடிப்போய்க் கையைப் பிடித்து, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். அம்மா அழுதாள். மாமாவின் முகம் செத்துப்போனது.

வெயிலாக இருக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். வெயில் வலப்பக்கம்தான் அடித்தது, அப்படியானால் வலப்பக்கச் சக்கரங்கள்தான் சுட வேண்டும். அடுத்து பாரம். ஒரு நாள் பயணத்துக்கு அத்தை கொண்டுவந்த மூட்டைகளைப் பார்த்தால் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். எல்லாம் இடப்பக்கம்தான் அடுக்கியிருந்தன. மாமா அவற்றை வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தார். சூடு குறையவில்லை. அத்தை மீதிருந்த பழி நீங்கியது, அதற்காக அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதோ என்று சந்தேகம். சக்கரத்தின் நடுவில் பிரேக் இருக்கும் இரும்பில் புள்ளியை வைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே சூடு. பிரேக்கும் இல்லை, டயர் மட்டும்தான் கொதிக்கிறது.

மாமா அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து யோசித்தார். பின் பக்கம் ஒவ்வொரு புறமும் இரண்டு டயர்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஜாக்கிக் கம்பியை எடுத்து வெளி டயரைத் தட்டினார், டங்கென்றது. கம்பியை உள்ளே விட்டு உள் டயரைத் தட்டினார், தலையணையைத் தட்டியதுபோல் சத்தமே இல்லை.

டீக்கடையை ஒட்டியிருந்த பஞ்சர் கடை பாய் வந்து பார்த்தார். "உள் டயர்ல காத்தே இல்லியே. அது சும்மா கூட வருது, வெளி டயரு ஒண்டியா மொத்தத்தையும் சொமக்குது. சூடு ஜாஸ்தி ஆவாம இன்னா ஆவும்? இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா..."

மாமா பலமாக இருமினார். பாய் பெஞ்சில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்று முடித்தார்.

டயரிலிருந்து நீளமான ஆணி ஒன்று வெளியே வந்தது. அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கட்டிலுக்கு நீ அடிச்ச ஆணியாச்சே" என்றாள். மாமா தன் வண்டிக்குத் தானே ஆணி அடித்திருக்கிறார்! அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். எங்கள் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பஞ்சர் ஒட்டி முடிந்ததும், யாரும் கூப்பிடாமலே அம்மா வண்டியில் ஏறி அதே ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் மாமாவின் கோளாறு தொடங்கியது. வேலூர் தாண்டியதும் நிறுத்தி, சூடு பார் என்றார். பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது, சொன்னேன்.

"இன்னா? சத்தமா சொல்லு பாப்பா, காதுல வுழல!"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இருந்தாலும் கத்திச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறுத்தினார், மறுபடி கத்தச் சொன்னார். ராணிப்பேட்டையில் பார்த்தபோது வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

"இது அம்பத்தி மூணு மாமா!"

மாமா குனிந்து எண்ணைப் பார்த்தார். அண்ணாந்து வலப்பக்கம் அடித்த வெயிலைப் பார்த்தார். பிறகு, "நாப்பத்தெட்டா? அதுவும் நாப்பத்தெட்டா? எல்லாம் ஒண்ணுதான்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"அம்பத்தி மூணு மாமா" என்று நானும் விடாமல் கத்தினேன்.

"நாப்பத்தெட்டுதான், நானே பாத்தேன்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காதுதான் கேட்கவில்லை என்றால், கண்ணும் தெரியாதவர் கையிலா நாங்கள் உயிரைக் கொடுத்திருக்கிறோம்? அடுத்த நிறுத்தத்தில் அம்மா ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்ததில், முன் சக்கரம் பார்த்தாயா என்று என்னைக் கேட்டாள். சோளிங்கர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மாமா மறுபடியும் ஓரம் கட்டியபோது, உள்ளிருந்து அம்மாவின் குரல் சீறிக்கொண்டு வந்தது.

"டேய், போதும்டா! எத்தினி வாட்டி பாப்ப? நட சாத்திடப் போறாங்க. ஓட்டு வண்டிய!"

மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். திட்டு வாங்கியதற்கு ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கு மேல் அவர் எங்கும் நிறுத்தவில்லை. அம்மா மலைப்படிகள் முழுவதையும் ஏறி வேண்டுதலை முடித்தாள். திரும்பும்போது தோல் மெத்தையில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு ஆம்பூர் வரை தூங்கினாள். துப்பாக்கிக்கு வேலையில்லாமல் போனதில் எனக்குத்தான் வருத்தம்.

மறுநாள் காலை தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அம்மா ஏறுவதற்கு முன் பின்பக்கம் போய், டயரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "இன்னாக்கா, ஜொரமா?" என்று டிரைவர் சிரித்தார். "இல்ல, நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டு ஏறினாள். பஸ் போன பிறகும், வழியனுப்ப வந்திருந்த அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இப்போது நானும் ராணிப்பேட்டையில் வேலைக்குப் போகிறேன். சென்ற மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வழக்கம்போல அவர் காதருகே போய், காபி வேண்டுமா என்று கத்தினேன்.

"ஏன் பாப்பா எப்ப வந்தாலும் கத்துற? காது நல்லாதான கேக்குது?"

காபியைக் கொடுத்துவிட்டு, சோளிங்கர் கதையைச் சொன்னேன். நாற்பத்தெட்டையும் ஐம்பத்து மூன்றையும் சொன்னேன்.

"அன்னிக்கு உங்கம்மா எங்க ஒக்காந்திருந்தா?" என்றார் மாமா.

பின் ஜன்னலோரம், சக்கரத்துக்கு நேர் மேலே. இத்தனை வருடம் இந்த மனிதரைச் செவிடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இவ அம்பத்தி மூணுன்னு கத்துனது ரோட்ல போறவனுக்கே கேட்டுது. எனக்குக் கேக்காதா? கேட்ட ஒடனே எறங்கிடலாம்னுதான் எழுந்தேன். எனக்காவ இவன் இப்டித் தொண்ட கிழியப் பொய் சொல்றானேன்னு திரும்ப ஒக்காந்துட்டேன்."

மாமா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபடியே நின்றுவிட்டார். இந்த முறை அவருக்கு நிஜமாகவே காது கேட்கவில்லை போலிருக்கிறது.

"இன்னாக்கா சொன்ன?" என்றார்.