விரல் தூக்கிய பீரங்கி

அறுபத்தெட்டு சதவீதம். பதினேழு வருடம் பீரங்கிக்குக் குண்டு ஏற்றியவர் இழந்த செவித்திறன் அது. தெருவில் அவருக்குப் பெயரே ‘பீரங்கி’தான். ஆனால் படையை விட்டு வந்த அன்று எடுத்த பரிசோதனையில் அவர் காதுகள் முழு நலம். அதைக் காட்டியே உடல்குறை ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள்.

“அதெப்படிங்க பாஸ் ஆனீங்க?” மேல்முறையீட்டை எடுத்துக்கொண்ட வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை.

“சத்தம் கேட்டா விரலைத் தூக்கணும். எங்களுக்கு எங்க கேட்டுச்சு? பொத்தான அமுக்குறவர் கையைப் பாத்துத் தூக்கிட்டோம். குறைன்னு சொன்னா ஆஸ்பத்திரியில போட்டுருவாங்க. வீட்டுக்குப் போறது தள்ளிப்போகும்.”

“புள்ள பொறந்திருந்துச்சு,” என்றார் மனைவி. “அதைப் பாக்க ஓடி வந்தாரு. அது அழுதது கூட இவருக்குக் கேக்கல.”

பீரங்கியின் சொல் மட்டும் போதாது, கூட நின்ற ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் வக்கீலம்மா. அதே பீரங்கியில் குறி பார்த்தவர் ஒருவர் இருந்தார். இப்போது லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மெதுவா பேசுங்கண்ணே,” என்றார் மனைவி. “நீங்க ரெண்டு பேரும் பேசினா தெருவே சாட்சிக்கு வந்துரும்.”

லாரிக்காரர் சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “நான் வர்றேன் அண்ணி. ஆனா நானும் ஏமாத்தினேன்னு சொன்னா, என் காதையும் சோதிப்பாங்க. அப்புறம் யாரு எனக்கு லாரி குடுப்பா?”

குனிந்தபடி சொன்னதால் பீரங்கிக்கு எதுவும் புரியவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தார். மனைவி ஒவ்வொரு சொல்லாக வாயசைத்துச் சொன்னார்.

“வராதடா,” என்றார் பீரங்கி. “உன் பொழப்பக் கெடுத்து எனக்கு ஒண்ணும் வேணாம்.”

தீர்ப்பாயத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பீரங்கி டக்டக்கென்று பதில் சொன்னார். தலைவர் புருவம் உயர்த்தினார். “நல்லாத்தானே கேக்குது?”

“வாயை மறைச்சுக்கிட்டுக் கேளுங்க ஐயா,” என்றார் வக்கீலம்மா.

தலைவர் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். பீரங்கி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப கேக்கலன்னு தெரியுது,” என்றார் தலைவர், கையை எடுத்துவிட்டு. “அன்னிக்குக் கேக்கலன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

“இல்லீங்க,” என்றார் பீரங்கி.

மனு தள்ளுபடியானது. வரும் திங்கட்கிழமை அவர் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்கிறார். இரைச்சல் தாங்காமல் ஆட்கள் நிற்காத பிரிவு அது.