மூக்குத்தியில் வைத்த புள்ளி

ஆம்பூரில் ஒரு வீடியோ கடையில் எடிட்டிங் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதே, பத்தாவதோடு நின்றுபோன எனக்குப் பெரிய நிம்மதி. கல்யாண வீடியோவில் பெண்ணின் ஜிமிக்கியோடு கூடவே ஆடும் மின்னல் என் கைவேலை. ஜிமிக்கிமேல் ஒரு புள்ளி வைத்தால், அது போகிற இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்போடு மின்னலை இணைத்துவிடுவேன். இதற்கு டிராக்கிங் என்று பெயர்.

கேபிள் டி.வி.க்காரர்கள் சொந்தமாக உள்ளூர்ச் செய்தி போட ஆரம்பித்திருந்த காலம் அது. ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்த பெண், வேலை நேரத்தில் பாத்ரூம் போக விடுவதில்லை என்று கேமரா முன் சொல்லியிருந்தாள். முகத்தை மறைக்கும் வேலை என்னிடம் வந்தது. அவளே கடைக்கு வந்து கேட்டாள்.

"மூஞ்சி தெரியாதில்லக்கா? தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடுவாங்க. வீட்ல என் சம்பளம்தான்."

"தெரியாதும்மா" என்றேன்.

வீடியோவில் அவள் மூக்குத்தி வெயிலில் நன்றாக மின்னியது. அதில் புள்ளி வைத்தேன். கட்டம் கட்டமான மறைப்பு முகத்தோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. பாதிவரை பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கொடுத்தனுப்பிவிட்டேன். மேஜைமேல் மூன்று கல்யாணம் காத்திருந்தது.

சாயங்காலச் செய்தியைக் கடையிலிருந்தே பார்த்தேன். கடைசியில் அவள் டீ குடிக்க முகத்தைத் திருப்பினாள். மூக்குத்தி மறைந்ததும் புள்ளி சில்வர் டம்ளரின் விளிம்புக்குத் தாவியது. டம்ளர் மடிக்கு இறங்க, மறைப்பும் அதோடு இறங்கிப் போனது. முகம் அப்படியே தெரிந்தது.

அடுத்த தெருவிலிருந்த கேபிள் ஆபீசுக்கு ஓடினேன்.

"ஒரு செகண்டும்மா" என்றார் கேபிள்காரர். "டி.வி. முன்னாடி சாப்டுனு இருப்பான். எவன் பாக்கறான்?"

"நான் பார்த்தேனே."

அவரிடம் நான் அதிகமாகப் பேசியது அன்றுதான். இன்னொரு முறை போட மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் வேலை விடும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றேன். அவள் வந்தாள். அவர்கள் வீட்டில் டி.வி. இல்லையாம். விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ நேரம் தெரிஞ்சிச்சு?"

"ஒரு செகண்டு."

"என்னைத் தெரிஞ்சவங்களுக்கு அது ஜாஸ்திக்கா."

கேட்டருகே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். அவள் என்னைப் பார்க்காமல், பஸ் எப்போது வரும் என்று தேடுகிறவள் மாதிரி ரோட்டைப் பார்த்தபடி பேசினாள்.

"இங்கல்லாம் வராத. உன்னோட நிக்கறதைப் பாத்தா இன்னும் பேஜார். நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

வா என்றேன். என்ன தெரிந்து சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை.

அடுத்த நாள் காலை கம்பெனி பஸ் கடையைத் தாண்டும்போது வாசலில் நின்றேன். ஜன்னலோரம் இருந்தாள். திரும்பும் பஸ்ஸில் இருப்பாளா, அல்லது மத்தியானமே அனுப்பிவிடுவார்களா என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இருந்தாள். அந்த மாதம் முழுக்க அப்படியே நின்றேன். யாரும் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டும் சும்மா இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவளும் என் பக்கம் திரும்பியதே இல்லை.